பழைய பிளாஷ் விளக்கும் போனக்காட்டு லயன் வீடும்

மாடு வாங்குவோர் பல்லைப் பிடித்துப் பார்ப்பர். பழைய வண்டி வாங்குவோர் அச்சையும் கடையாணியையும் ஆட்டிப் பார்ப்பர். பழைய பிளாஷ் விளக்கு வாங்குவோர் எதைப் பார்ப்பது? நம் மன்றத்து நண்பர் பலர் இவ்வினாவை என்னிடம் கேட்டுவிட்டனர். தந்தையோ மாமனோ பயன்படுத்திய பிலிம் காமிராவைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டி, அதற்குப் பொருந்தும் பிளாஷ் ஒன்றைத் தேடி அலையும் மாணவர் இன்றும் நம்மிடையே உளர். அவர்களுக்காக, நான் அறிந்தவற்றை ஒழுங்குபடுத்திக் கூற முயல்கிறேன்.

விளக்கு எதற்கு?

"பகலவன் இருக்கும்போது விளக்கு எதற்கு?" எனச் சிலர் கேட்பர். அவர்கள் ஒருமுறை போனக்காட்டு லயன் வீட்டுக்குள் நுழைந்து பார்க்கட்டும்.

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகச் சென்று, காணித்தடம் சோதனைச் சாவடியைக் கடந்தால் காட்டுச் சாலை மேலே மேலே ஏறும். அதன் முடிவில் இருப்பது போனக்காடு. 1868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்திற்கு மலையேறுவோர் இங்கிருந்துதான் நடக்கத் தொடங்குவர். வெள்ளையர் காலத்தில் எழுந்த தேயிலைத் தோட்டம் இது. இங்குக் கொழுந்து பறித்தவர்களில் மிகப் பலர் தமிழர். இன்று தேயிலைத் தொழிற்சாலை ஓய்ந்து கிடக்கிறது. பொறிகள் துருப்பிடித்து நிற்கின்றன. வேலையும் கூலியும் நின்றபின் குடும்பங்கள் பல மலையிறங்கிவிட்டன. எஞ்சியோர் பழைய லயன்களில் வாழ்கின்றனர்.

என் ஆச்சியும் அங்குக் கொழுந்து பறித்தவரே. அவருக்கென இருந்த ஒரே படம் வாக்காளர் அட்டையில் உள்ள தபால்தலை அளவுப் படம்தான். அவரைப் போன்றவர் அங்குப் பலர். அவர்கள் முகத்தையும், அவர்கள் புழங்கிய அடுப்படியையும், கூடை மாட்டியிருந்த சுவரையும் படமெடுக்க வேண்டுமெனில் வீட்டுக்குள்தான் செல்ல வேண்டும். சிறிய சன்னல், புகை படிந்த கூரை, வெளியே பெரும்பாலும் மூடுபனி. 400 வேகமுள்ள பிலிமைப் போட்டு, லென்ஸின் துளையை எப் 2.8 வரை திறந்து வைத்தாலும், ஒளிமானி எனக்கு 1/8 விநாடி வேண்டுமெனக் காட்டிற்று. 1/8 விநாடி நேரம் என் கை அசையாமல் இருந்தாலும், மூச்சிரைக்கும் எண்பது வயதுப் பாட்டியார் அசையாமல் இருப்பாரா? ஆதலின் விளக்கு வேண்டும்.

வெடிப்பொடி முதல் செனான் குழாய் வரை

இருட்டு அறையில் வாழும் ஏழையரைப் படமெடுக்க விளக்கை முதன்முதலில் பெருமளவில் கையாண்டவர்களுள் ஒருவர் ஜேக்கப் ரீஸ். டென்மார்க்கிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய செய்தியாளர் அவர். 1887இல் செருமானியர் இருவர் மக்னீசியம் கலந்த வெடிப்பொடியைக் கண்டறிந்த செய்தியைப் படித்ததும், அதை எடுத்துக்கொண்டு நியூயார்க்கின் குடிசைக் குடியிருப்புகளுக்குள் இரவில் நுழைந்தார். 1890இல் அவர் வெளியிட்ட நூல் அந்நகரின் மனச்சான்றை உலுக்கியது. ஆயினும் உறங்கியவர்மீது அவர் கேளாமலே ஒளி பாய்ச்சினார் என்பதும், அப்பொடியால் வீட்டில் தீப்பற்றியதுண்டு என்பதும் மறக்கத்தக்கன அல்ல.

பொடிக்குப் பின் ஒருமுறை எரிந்து அணையும் கண்ணாடிக் குமிழ்கள் வந்தன. 1930களில் அமெரிக்கப் பேராசிரியர் ஹெரால்டு எட்ஜர்ட்டன் மின்பொறி விளக்கைச் செம்மைப்படுத்தினார். இன்று நாம் வாங்கும் பழைய பிளாஷ் அவ்வழி வந்ததே. அதன் வேலை எளிது. சிறு பாட்டரிகள் தரும் 6 வோல்ட்டு மின்சாரத்தை உள்ளிருக்கும் சுற்று ஏறத்தாழ 300 வோல்ட்டாக உயர்த்துகிறது. அந்த மின்சாரம் மின்தேக்கி என்னும் உறுப்பில் சேர்கிறது. மலையில் சொட்டுச் சொட்டாக ஊறும் நீரைத் தொட்டியில் தேக்கி, மதகை ஒரே நொடியில் திறப்பதுபோல, தேங்கிய மின்சாரம் செனான் வாயு நிறைந்த குழாயினூடே ஒரே பாய்ச்சலாகப் பாய்கிறது. அவ்வொளி நிலைப்பது ஆயிரத்தில் ஒரு விநாடி, அல்லது அதனினும் குறைவு. பாட்டியார் அசைந்தாலும் படம் கலங்காமை இதனால்தான்.

தனக்கென ஒரு காமிரா

நிற்க. எல்லாப் பிளாஷும் எல்லாக் காமிராவோடும் ஒத்துப்போகுமா? போகாது. எளிய பிளாஷுக்குப் பாதத்தின் நடுவில் ஒரே ஒரு உலோக முனை இருக்கும். "எரி" என்னும் ஒரே சொல்லைத்தான் அது அறியும். குறிப்பிட்ட காமிராவுக்கென்றே செய்யப்பட்ட பிளாஷுக்கோ, நடுமுனையைச் சுற்றி மேலும் சில முனைகள் இருக்கும். அவற்றின் வழியே காமிராவும் விளக்கும் உரையாடுகின்றன.

அவ்வுரையாடல் இருவகைப்படும். முதல்வகைக்குச் சான்று, 1976இல் வந்த கேனான் ஏ.ஈ.1 காமிராவும் அதற்கென அமைந்த 155ஏ பிளாஷும். பிளாஷில் மின்சாரம் நிரம்பியதும் அது காமிராவுக்கு அறிவிக்கும். காமிரா தானே 1/60 விநாடிக்கு மாறிக்கொள்ளும். லென்ஸின் துளையும் தானே அமையும். ஒளி போதுமா என்பதை அளப்பது பிளாஷின் முகப்பிலுள்ள ஒரு சிறு கண்.

அது ஏன் 1/60? இக்காமிராக்களில் பிலிமுக்கு முன் இரண்டு திரைகள் உள. ஒன்று திறந்து செல்ல, மற்றொன்று மூடிக்கொண்டே தொடரும். 1/60 விநாடியிலோ அதனினும் மெதுவாகவோதான் ஏ.ஈ.1இல் பிலிம் முழுதும் ஒரே கணத்தில் திறந்திருக்கும். அதைவிட விரைவில் எடுத்தால் படத்தின் ஒரு பகுதி கறுத்துப்போகும்.

இரண்டாம் வகை இன்னும் நுட்பமானது. 1975இல் விற்பனைக்கு வந்த ஒலிம்பஸ் ஓ.எம்.2 இதற்கு வழிகாட்டி. லென்ஸ் வழியே வந்து பிலிமின்மேல் பட்டுத் தெறிக்கும் ஒளியைக் காமிராவுக்குள் இருக்கும் கண் அளக்கிறது. போதுமான ஒளி சேர்ந்ததும் "நிறுத்து" என்று பிளாஷுக்குச் சொல்கிறது. ஆயிரத்தில் ஒரு விநாடிக்குள் கேள்வியும் விடையும் முடிந்துவிடுகின்றன! பின்னர் நிக்கான், மினோல்ட்டா, பென்டாக்ஸ் ஆகியனவும் இவ்வழியைப் பின்பற்றின. ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் முனைகளைத் தன் விருப்பப்படி அமைத்தது. 1980இல் வந்த நிக்கான் எப்3 காமிராவில் பிளாஷை மாட்டும் இடமே வேறு. பிலிமைச் சுற்றும் குமிழைச் சுற்றி அது பொருந்த வேண்டும்.

ஆகவே, பழைய பிளாஷ் என்பது ஒரு குடும்பத்து மொழியை மட்டும் அறிந்தவரைப் போன்றது. நாகர்கோவிலில் காமிராக்களைப் பழுது பார்க்கும் அண்ணாச்சி ஒருவர், விலை கேட்டுச் செல்வோரிடம் முதலில் கேட்பது இதுதான்: "காசு கிடக்கட்டும் தம்பி, காமிரா எந்தக் கம்பெனி? எந்த மாடல்? அதைச் சொல்லு முதல்ல." விலை மலிவென்று பொருந்தாத விளக்கை வாங்கினால், வீட்டுக்கு வந்தபின் அது வெறும் "எரி" விளக்காகவே நிற்கும்.

இன்றைய டிஜிட்டல் காமிராவில் இப்பழைய விளக்கைப் பொருத்தலாமா என்னும் ஐயமும் பலர்க்கு உண்டு. டிஜிட்டல் காமிராவின் உணரி பிலிமைப்போல் ஒளியைத் தெறிக்கச் செய்வதில்லை. ஆதலின் புதிய முறையில், படமெடுக்குமுன் ஒரு சிறு முன்னொளி வீசி அளந்துகொள்கின்றனர். கேனான் 1995இல் இம்முறையைக் கொண்டுவந்தது. பழைய விளக்குக்கு அம்மொழி தெரியாது. அதன் முகப்பிலேயே அளக்கும் கண் இருந்தால், மின் அழுத்தமும் தக்க அளவில் இருந்தால் மட்டும், நாமே துளையை அமைத்துப் பயன்படுத்தலாம்.

வாங்குமுன் ஐந்து சோதனைகள்

ஒன்று: பாட்டரி அறையைத் திறந்து பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால் பாட்டரி ஒழுகியிருக்கிறது என்று பொருள். சிறிதளவாயின் எலுமிச்சைச் சாற்றில் நனைத்த பஞ்சால் துடைத்து, பின் ஈரம் போக உலர்த்தலாம். தகடே அரித்திருந்தால் விட்டுவிடுங்கள்.

இரண்டு: புதிய பாட்டரிகளை உடன் கொண்டுசென்று போட்டுப் பாருங்கள். மெல்லிய கொசு ரீங்காரம் போன்ற ஓசை எழும்; சற்றுநேரத்தில் சிறுவிளக்கு எரியும். பல்லாண்டு உறங்கிய மின்தேக்கி முதலில் மெதுவாகவே நிரம்பும். அதன் உள்ளே இருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம் நலிந்திருப்பதே காரணம். சிறிது நேரம் நிரம்பிய நிலையில் வைத்து, நான்கைந்து முறை எரியவிட்டால் படலம் மீண்டும் உறுதிப்படும். நிரம்பும் நேரமும் குறையும். குறையாவிட்டால் அவ்விளக்கின் இதயம் ஓய்ந்துவிட்டது எனக் கொள்க.

மூன்று: முகப்பைப் பாருங்கள். குழாயின் நுனி மிகக் கறுத்திருந்தாலும், பிளாஸ்டிக் பலகணி உருகியோ பழுப்பேறியோ இருந்தாலும், உழைத்துக் களைத்த விளக்கு அது.

நான்கு: பாதத்தின் மின் அழுத்தத்தை மல்ட்டிமீட்டரால் அளந்து பாருங்கள். விளக்கு நிரம்பிய நிலையில் நடுமுனையிலும் ஓர உலோகத்திலும் கம்பிகளை வைக்க வேண்டும். மிகப் பழைய விளக்குகள் சிலவற்றில் 200 வோல்ட்டுக்கு மேலும் காட்டும். இரும்புப் பெட்டிபோன்ற பழைய காமிராக்கள் அதைத் தாங்கின. மின்னணுக் காமிராக்களோ பழுதாகிவிடக்கூடும். பன்னாட்டுத் தர விதி ஒன்று 24 வோல்ட்டை வரையறையாகக் கூறுகிறது. அதற்கு மேற்பட்டால் உங்கள் காமிராவின் கையேட்டைப் பாராமல் மாட்டாதீர்கள்.

ஐந்து: உங்கள் காமிராவையே கொண்டுசென்று மாட்டிப் பாருங்கள். பிளாஷ் நிரம்பியதும் காமிராவின் கண்ணாடிக்குள் அதற்குரிய அடையாளம் தோன்றுகிறதா? தோன்றினால் இருவரும் பேசிக்கொள்கின்றனர் என்று அறியலாம்.

இவற்றோடு ஓர் எச்சரிக்கை. ஆர்வத்தால் பிளாஷின் உடலைப் பிரித்துவிடாதீர்கள். பாட்டரியைக் கழற்றிய பின்பும் மின்தேக்கியில் 300 வோல்ட்டு தங்கியிருக்கும். அது உயிரையே பறிக்க வல்லது.

வெள்ளை வேட்டியின் உதவி

விளக்கின் ஆற்றலைக் குறிக்க வழிகாட்டி எண் என ஒன்று உண்டு. அதை மீட்டர்த் தொலைவால் வகுத்தால் துளையின் அளவு கிடைக்கும். 100 வேகப் பிலிமுக்கு எண் 24 எனின், 3 மீட்டரில் நிற்பவர்க்கு எப் 8. 6 மீட்டரில் நிற்பவர்க்கு எப் 4. 400 வேகப் பிலிமானால் எண் இருமடங்காகி 48 ஆகும்.

ஆனால் முகத்துக்கு நேரே ஒளியைப் பாய்ச்சினால், சுருக்கம் விழுந்த முகம் மாவு பூசியதுபோல் வெளிறும். பின்சுவரில் கரிய நிழல் விழும். தலை நிமிரும் பிளாஷானால், ஒளியைச் சுவரில் பட்டுத் திரும்பச் செய்யலாம். கேனான் வரிசையில் 199ஏ அத்தகையது. லயன் வீட்டின் கூரையோ புகைபடிந்து கறுத்தது. அது ஒளியை விழுங்கிவிடும். நீலமோ பச்சையோ பூசிய சுவர், வண்ணப் படத்தில் முகத்துக்கும் அந்நிறத்தைப் பூசிவிடும். இதற்கு நான் கண்ட வழி, பக்கத்துக் கொடியில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் போடுவது. விளக்கிலிருந்து வேட்டிக்கும், வேட்டியிலிருந்து முகத்துக்கும் மொத்தம் 4 மீட்டர் எனக் கொள்வோம். 48ஐ 4ஆல் வகுத்தால் 12. துணியில் சிதறிப்போகும் ஒளிக்காக அதைப் பாதியாக்கி, எப் 5.6 என அமைத்தால் போதும். சன்னலோரம் அமர்ந்ததுபோன்ற இதமான ஒளி கிடைக்கும்.

வெளியே பனி சூழ்ந்த வேளையில் பிளாஷை அணைத்துவிடுவதே நன்று. லென்ஸின் முன் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகள் ஒளியைத் திருப்பி வீசி, படமெங்கும் வெண்ணிற வட்டங்களாகத் தோன்றும். போனக்காட்டிலுள்ள பாழடைந்த வெள்ளையர் பங்களாவைப் பேய் வீடு என்று கதைகட்டி, அங்கு எடுத்த படங்களில் "ஆவி தெரிகிறது" என்று காட்டுவோர் உண்டு. ஆவி உண்மைதான், நீராவி! பேயைத் தேடி அங்குச் செல்வோர், பக்கத்து லயன்களில் உயிரோடு வாழும் மனிதரைக் காணாமல் திரும்புவதே வியப்பு. அருகே பேப்பாறைச் சரணாலயக் காடு இருப்பதால், இரவில் விலங்குகள்மீது ஒளி பாய்ச்சுவதும் தகாது.

கடமை ஒன்று

பழைய விளக்கு ஒன்றை நல்லறிவோடு தேர்ந்தெடுத்தால், புதிதை வாங்க வழியில்லாத மாணவனும் இருட்டறையில் நல்ல படம் எடுக்கலாம். எனினும் ரீஸ் செய்த தவற்றை நாம் செய்யலாகாது. வாசலில் நின்று, "பாட்டி, உள்ளே வரலாமா? ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேளுங்கள். விளக்கு மின்னும் என்று முன்னரே சொல்லுங்கள். வேண்டாம் என்றால் வணங்கி விடைபெறுங்கள். அவர் சொல்லும் பெயரையும் ஊரையும், எத்தனை ஆண்டு கொழுந்து பறித்தார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பெயரில்லாப் படம் பாதிப் படமே. பின்னர் அப்படத்தை அச்சிட்டு, அவர் கையிலேயே கொண்டுபோய்க் கொடுங்கள்.

தோட்டத்தின் கணக்கேடுகள் பறித்த கொழுந்தின் எடையைக் குறித்துவைத்தன. பறித்தவரின் முகத்தைக் குறித்துவைக்கவில்லை. அக்குறையைத் தீர்க்கும் ஆற்றல் நம் பரணில் தூங்கும் காமிராவுக்கும், நான்கு பாட்டரி போட்டால் விழித்துக்கொள்ளும் ஒரு பழைய விளக்குக்கும் உண்டு. கற்ற மாணவர் அவற்றை இன்றே எடுப்பாராக. அப்பெரியோர் நம்மிடையே இருக்கும்போதே எடுப்பாராக!