மருந்து சென்று சேரும் வழி

மருந்து என்றவுடன், அது எந்நோயைத் தீர்க்கும் என்றே நாம் வினவுகிறோம். அம்மருந்து உரிய இடத்தை, உரிய நேரத்தில், உரிய அளவில் சென்றடைகிறதா என வினவுவோர் சிலரே. அவ்வினாவுக்கு விடை காண்பதே மருந்தாக்கவியல் என்னும் துறை. நம் நாட்டில் பி.பார்ம். பயில 4 ஆண்டுகள், எம்.பார்ம். பயில 2 ஆண்டுகள். அதற்கும் மேலே பல்லாண்டு உழைத்துப் பெறுவது முனைவர் பட்டம்.

இத்தனை ஆண்டுகள் ஆராய என்ன இருக்கிறது? இன்சுலினை எடுத்துக்கொள்வோம். அது புரதம், விழுங்கினால் உணவைப்போலவே செரித்துவிடும். ஆகவேதான் ஊசியின் துணை வேண்டியுள்ளது. வேறு சில மருந்துகள் இரத்தத்தில் விரைந்து ஏறி, விரைந்து இறங்கிவிடும். ஏறினால் நஞ்சு, இறங்கினால் பயனில்லை.

இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர் அமெரிக்கரான ராபர்ட் லாங்கர். 1974-இல் எம்.ஐ.டி.யில் வேதிப்பொறியியலில் முனைவரானார். எண்ணெய் நிறுவனங்கள் பல அவரை வேலைக்கு அழைத்தன. அவரோ பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மனிடம் ஆய்வாளராகச் சேர்ந்தார். பெரிய மூலக்கூறுகளை நெகிழிப் பொருளினுள் பொதிந்து சிறிது சிறிதாக வெளிவரச் செய்தல் இயலாது என்பதே அன்றைய அறிஞர் கருத்து. எண்ணற்ற தோல்விகளுக்குப்பின் லாங்கர் வழி கண்டார். நெகிழியினுள் நெளிந்து செல்லும் நுண்துளைகளை உண்டாக்கினார். சந்துபொந்துகளில் வழி தேடுவோனைப்போல மருந்து மெல்ல வெளிவந்தது. 1976-இல் இம்முடிவு ‘நேச்சர்’ இதழில் வெளியாயிற்று. ஆயினும் பலர் நம்பவில்லை. நிதி வேண்டி அவர் அனுப்பிய முதல் விண்ணப்பங்கள் அடுத்தடுத்து மறுக்கப்பட்டன.

அவர் தளரவில்லை. மூளைக்கட்டிக்கான மருந்தை, கட்டியை அகற்றிய இடத்திலேயே வில்லைகளாகப் பதிக்கும் முறையை, மருத்துவர் ஹென்றி பிரெம் என்பாரோடு சேர்ந்து உருவாக்கினார். சோப்புக்கட்டி தேய்வதுபோல் வில்லை மேற்புறமிருந்து கரைய, மருந்து வெளிப்படும். 1996-இல் அமெரிக்க அரசு இதற்கு இசைவளித்தது. அது நோயை வேரறுக்கவில்லை. நோயாளர் சிலரின் வாழ்நாளைச் சற்றே நீட்டியது. அந்தச் சிறு பயனுக்குப் பின்னே இருபதாண்டு உழைப்பு உள்ளது.

இவ்வறிவு நம் இல்லங்களுக்கும் தேவை. விழுங்க இயலாத முதியோருக்கு மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பது நம் வழக்கம். ஆனால் எஸ்.ஆர்., ஈ.ஆர்., எக்ஸ்.ஆர். என்ற எழுத்துகள் உறையில் இருப்பின், அது மெதுவாகக் கரையுமாறு அமைக்கப்பட்ட மாத்திரை. பொடித்தால், நாள் முழுதும் சேரவேண்டிய மருந்து ஒரேயடியாக உடலில் சேர்ந்து உயிருக்கே ஊறு விளைவிக்கலாம். குடலில் கரைவதற்கென மேற்பூச்சு இடப்பட்ட மாத்திரையைப் பொடித்தாலோ, மருந்து இரைப்பை அமிலத்தில் சிதையலாம். அன்றி இரைப்பையைப் புண்ணாக்கலாம். ஆதலால் மருத்துவரையோ மருந்தாளுநரையோ கேளாமல் எம்மாத்திரையையும் பொடிக்கவோ உடைக்கவோ வேண்டாம். விழுங்க முடியவில்லை என்று சொன்னால், திரவமாகவோ வேறு வடிவிலோ தர வழியுண்டா என்று அவர்கள் பார்ப்பார்கள்.

பெற்றோரே, உங்கள் மகனோ மகளோ இத்தகைய ஆய்வில் ஈடுபட விரும்பினால், “இன்னும் எத்தனை ஆண்டு படிப்பாய்? எப்போது சம்பாதிப்பாய்?” என்று அவசரப்படுத்தாதீர்கள். குடும்பத்தின் வரவு செலவை ஒளிவின்றிச் சொல்லுங்கள். உதவித்தொகை கிடைக்கும் வழிகளைச் சேர்ந்து தேடுங்கள். உறவினர் வீட்டுப் பிள்ளையின் சம்பளத்தை மட்டும் அவர்கள்முன் எடுத்துரைக்காதீர்கள். மருந்து மெல்ல வெளிப்படுவதால் பயன் தருவதுபோல, சில கல்வியும் காலம் கடந்தே பலன் தரும்.