சுண்ணாம்புச் சுவரும் சீமெந்துப் பூச்சும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் 1823இல் செமினரி ஒன்றை நிறுவினர். பதிப்பாசிரியர் சி. வை. தாமோதரம்பிள்ளை படித்த இடம் அது. 1855இல் அது மூடப்பட்டது. 1872இல் அங்கேயே யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. இப்படிப்பட்ட பழைய வளாகங்களைப் பேணுபவர் முதலில் அறிய வேண்டியது, சுவருக்குள் என்ன இருக்கிறது என்பதைத்தான்.

குடாநாட்டில் மலையுமில்லை, கருங்கல்லுமில்லை. முருகைக்கல்லையும் சுண்ணக்கல்லையும் அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். அவற்றையே சூளையிலிட்டுச் சாந்துக்கும் சுண்ணாம்பு எடுத்தார்கள். சுமார் 900 பாகை செல்சியசில் கல்லிலுள்ள காபனீரொட்சைட்டு வெளியேறிவிடும். எஞ்சும் சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் விட்டால் கொதித்து நீறும். மணலோடு குழைத்துப் பூசியபின், அது காற்றிலிருந்து அதே வாயுவை மீண்டும் உறிஞ்சி, மாதக் கணக்கில் மெல்ல மெல்லக் கல்லாக இறுகும்.

இந்தச் சுவர் மாரியில் ஈரத்தைக் குடிக்கும், வெயிலில் வெளியே விடும். அதன்மேல் சீமெந்து பூசினால் ஈரத்துக்கு வழியடைபடும். நனைந்த துணியைப் பொலித்தீன் பையில் கட்டிவைத்த கதைதான். நிலத்திலிருந்து ஏறும் நீரில் உப்பும் உண்டு. பூச்சுக்குப் பின்னால் அது படிகமாகப் பருத்து, மென்மையான முருகைக்கல்லைப் பொடியாக்கும். வெளியே பார்த்தால் சுவர் புதிதுபோல இருக்கும். விரல் மொழியால் தட்டிப் பாருங்கள்: ஒட்டியிருக்கும் பூச்சு கெட்டியாக ஒலிக்கும், விட்டுப்போன பூச்சு பொள்ளென்று ஒலிக்கும்.

கூரையில் பனஞ்சிலாகை. பனையின் வைரம் மரத்தின் வெளிப்புறத்தில்தான்; நடுவே சோறு. நன்கு முற்றிய பனையின் வைரத்தைக் கறையான் எளிதில் அரிக்காது. ஆனால் சிலாகை சுவரில் அமரும் முனை தொடர்ந்து நனைந்தால் உக்கிவிடும். ஓடு ஒன்று விலகினாலே அதற்குப் போதும்.

ஆகவே இந்த வேலைகள் ஐப்பசி மழைக்கு முன்பே முடிய வேண்டும்: உடைந்த ஓட்டை மாற்றுவது, பீலியில் அடைத்த சருகை அள்ளுவது, வெடிப்பில் முளைத்த ஆலங்கன்றை வேரோடு எடுப்பது. தலையை மட்டும் வெட்டினால் அது மறுபடி துளிர்த்து வெடிப்பை அகலமாக்கும். மழை ஓய்ந்து சுவர் உலர்ந்தபின் சுண்ணாம்புச் சாந்தால் பொத்தி, வெள்ளையடிக்கலாம்.

இன்று கரையோரத்தில் முருகைக்கல் அகழ்வதைச் சட்டம் தடுக்கிறது. எனவே பழைய சுவர் ஒன்றைப் பிரிக்க நேர்ந்தால், அதன் கற்களைக் குப்பையோடு ஏற்றிவிடாமல் வளாகத்திலேயே அடுக்கி வைக்க வேண்டும். அடுத்த சுவரின் பழுதுக்கு அவைதான் கைகொடுக்கும்.