மூணு ரூபாயும் முந்நூற்று நாற்பதும்

ஆபீஸ் நண்பர்கள் சேர்ந்து டூர் கிளம்புவது ரொம்பச் சுலபம் சார்! சிநேகிதத்தோடு திரும்பி வருவதுதான் கஷ்டம். நாலாவது நாள் வரை எல்லோரும் எல்லோருக்கும் முறுக்கு நீட்டுவார்கள். ஐந்தாவது நாள், ஜன்னல் சீட்டுக்காகப் பங்காளிச் சண்டை ஆரம்பித்துவிடும்.

நாங்கள் பன்னிரண்டு பேர், ஒரு வேன். பாண்டிச்சேரி, சிதம்பரம், கும்பகோணம், தஞ்சாவூர் எல்லாம் முடித்து, கடைசி இரண்டு நாளுக்குத் திருவண்ணாமலை. வேனுக்குள் ஈரத்துண்டு வாசனை. டிரைவர் அண்ணனிடம் இருந்த பாட்டுகள் எங்களுக்கு மனப்பாடம். போதாக்குறைக்கு, கணக்கில் 340 ரூபாய் இடித்தது!

கேஷியர் எங்கள் செக்‌ஷன் சீனியர். டீ, டோல்கேட், செருப்பு டோக்கன் வரை நோட்டில் எழுதுகிற மனிதர். "என்னண்ணே, எங்களுக்குத் தெரியாம அல்வா வாங்கிட்டீங்களா?" என்று கேட்டது ஒரு வாய். சாட்சாத் என் வாய்தான். வேனே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. நோட்டை மூடிப் பையில் வைத்தார். அதோடு என்னிடம் பேச்சும் நின்றது.

செங்கம் ரோட்டில் லாட்ஜில் மூட்டையைப் போட்டுவிட்டு ரமணாசிரமத்துக்குள் நுழைந்தோம். அதுவரை ஊர் ஊராகக் கூச்சல் போட்டு வந்த கோஷ்டி, வாசல் இலுப்பை மரத்தடியிலேயே கப்சிப். 'சத்தம் போடாதீர்கள்' என்று யாரும் அதட்டவில்லை. மயில் மட்டும் இஷ்டத்துக்குக் கத்திக்கொண்டிருந்தது. (அதற்கு யார் சொல்வது?) பகவானின் சமாதி, பழைய ஹால், 1948-ல் இறந்த பசு லட்சுமியின் சமாதி, பக்கத்திலேயே மான், காக்கை, நாய்க்கும் சமாதிகள். நம்ம ஊரில் காக்கைக்குச் சமாதி வேறெங்கே பார்த்திருக்கிறீர்கள்?

கேஷியர் புத்தகக் கடையில் ரமணர் சரித்திரம் ஒன்று வாங்கினார். வெளியே திண்ணையில் உட்கார்ந்து கணக்குப்பிள்ளை மாதிரியே படித்தார். திடீரென்று தொடையைத் தட்டினார்.

"இதைக் கேளுங்கய்யா!"

1896. மதுரையில் பதினாறு வயசுப் பையன் வெங்கடராமன். காலேஜ் சம்பளம் கட்ட அண்ணன் ஐந்து ரூபாய் எடுத்துக்கொள்ளச் சொன்னார். பையன் எடுத்தது மூன்று. மிச்சம் இரண்டை ஒரு கடிதத்தோடு வைத்துவிட்டான். 'உங்கள் காலேஜ் சம்பளம் இன்னும் கட்டவில்லை' என்ற விவரமும் அதில் உண்டு! பழைய மேப்பைப் பார்த்து, திண்டிவனம்தான் கிட்டத்து ஸ்டேஷன் என்று நினைத்து டிக்கெட் வாங்கினான். இரண்டு ரூபாய் பதிமூன்று அணா. விழுப்புரத்துக்கு அப்பால் காசு போதாமல் மாம்பழப்பட்டிலிருந்து நடை. கீழூரில் கடுக்கனை அடகு வைத்து நாலு ரூபாய். மீட்கிற உத்தேசமே இல்லாததால் அடகுச் சீட்டைக் கிழித்துப் போட்டான். செப்டம்பர் 1-ம் தேதி திருவண்ணாமலை வந்ததும், மிச்சக் காசை அய்யங்குளத்தில் வீசிவிட்டான். அதற்குப் பிறகு 1950-ல் சமாதியாகும் வரை ஊரை விட்டு நகரவே இல்லை.

"சாமியாராப் போறவரே அண்ணன் காசுக்குக் கணக்கு எழுதி வெச்சுட்டுத்தான்யா போயிருக்கார்" என்றார் கேஷியர். பார்த்தது என்னை!

சாயந்திரம் கிரிவலம். 14 கிலோமீட்டர், வெறுங்கால். பௌர்ணமி இல்லாததால் நெரிசல் இல்லை. எமலிங்கம், நிருதிலிங்கம், வருணலிங்கம்... ஒவ்வொரு லிங்கத்துக்கும் இடையில் ஒவ்வொருவர் பின்தங்கினார்கள். மலை மட்டும் கூடவே வந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் வேறு உருவத்தில். குபேரலிங்கம் வந்தபோது நானும் கேஷியரும்தான் மிச்சம். ஒரு மணி நேரமாக ஒரு வார்த்தை இல்லை.

குபேரன் ஆயிற்றே, பத்து ரூபாயாவது போடுவோம் என்று பர்ஸைத் திறந்தேன். உள்ளே மடித்த பில் ஒன்று. சிதம்பரம், காலை டிபன், 340 ரூபாய்!

அன்றைக்கு அவர் கோயிலுக்குள் க்யூவில் நின்றபோது பணப்பையை என்னிடம் கொடுத்திருந்தார். நாங்கள் பின்தங்கிய ஐந்து பேர் சாப்பிட்டோம். காசு கொடுத்தவன் நான். சொல்ல மறந்தவனும் நான்.

கிழித்துவிடலாமா? கீழூர் ஞாபகம் வந்தது. அவர் சீட்டைக் கிழித்தது வேண்டாம் என்று. நான் கிழித்தால் பயத்தில். கை நடுங்க நீட்டினேன்.

தெருவிளக்கில் பிடித்துப் படித்தார். நோட்டை எடுத்து எழுதினார். "வேன்ல வெச்சுத்தானே கேட்டே? வேன்லயே சொல்லு" என்றார். அவ்வளவுதான். ஈசானியலிங்கம் நோக்கி நடையைக் கட்டிவிட்டார்.

மறுநாள் காலை ஆசிரமத்தின் பின்புறக் கல்பாதையில் ஸ்கந்தாசிரமம் ஏறினோம். 1916 முதல் 1922 வரை ரமணர் இருந்த இடம். அங்கிருந்து பார்த்தால் 217 அடி ராஜகோபுரம் கொலு பொம்மை! கீழே விரூபாட்ச குகை. அதில் அதற்கு முன்பு சுமார் பதினேழு வருஷம். உள்ளே பத்து நிமிஷம் கண்ணை மூடினேன். தியானமாவது ஒன்றாவது... 'வேன்ல எப்படிச் சொல்றது' என்பதுதான் ஓடியது.

மத்தியானம் செஞ்சி. கால் வலியில் ராஜகிரியைக் கீழேயிருந்தே கும்பிட்டோம். கல்யாண மகாலோடு சரி. ராஜா தேசிங்கு மன்னிப்பாராக.

திண்டிவனத்தில் டீக்கு வண்டி நின்றது. இதற்கு மேல் தள்ளிப்போட்டால் தாம்பரம் வந்துவிடும். எழுந்து நின்று, மேல்கம்பியில் தலை இடிக்க, சொன்னேன். அல்வாவைப் பற்றியும் சொன்னேன்.

யாரும் சிரிக்கவில்லை. அது சிரித்ததைவிட மோசம். அப்புறம் டிரைவர் அண்ணன் கண்ணாடியைப் பார்த்தபடியே, "அதுல நாலு இட்லியும் ஒரு வடையும் நான் சாப்பிட்டது சார்" என்றார்.

கேஷியர் பின்சீட்டிலிருந்து வந்தார். நோட்டையும் பேனாவையும் என் மடியில் போட்டார்.

"டீ பன்னிரண்டு இல்ல, பதிமூணு. டிரைவரைச் சேர்த்து எழுதிக்கோ."