சைவ ஏடுகளும் மின்னுருவாக்கக் கல்வியும்

மாயையின் காரியமாகிய பொருள்கள் யாவும் தோன்றி நின்று அழியும் இயல்பின. நூலைத் தாங்கும் ஓலையும் அவற்றுள் ஒன்றே. இவ்வியல்பை நன்குணர்ந்த முன்னோர், ஓர் ஏடு பழுதுறுமுன் அதனைப் பிறிதோர் ஏட்டிற் பெயர்த்தெழுதி நூலைக் காத்துவந்தனர். 19ஆம் நூற்றாண்டில் ஏடுகள் அச்சேறின. ஆறுமுக நாவலர் (1822–1879) முதலாய பெரியார் ஏடுகளைப் பரிசோதித்துத் திருத்திய பின்னரே அச்சிடுவித்தனர். இக்காலத்து நிகழ்வது மூன்றாவது பெயர்ச்சி. அதுவே ஏட்டினைக் கணினிக்குரிய வடிவிலாக்கும் மின்னுருவாக்கம். இதனை முதுநிலைப் பட்டக் கல்வியாக, செய்தொழிலை விடாது பகுதிநேரத்திற் கற்கும் முறையும் இன்று உளது. அக்கல்வி சைவ ஏடுகளைப் போற்றுவார்க்கு எவ்வாற்றான் வேண்டப்படுவது என்பது ஈண்டு ஆராயப்படும்.

அற்றேல், ஏட்டினைப் படம்பிடித்தற்கு முதுநிலைக் கல்வி எற்றுக்கு எனின், படம்பிடித்தல் மின்னுருவாக்கத்தின் ஓர் உறுப்பே, அதுதானும் எளிதன்று. எழுத்தாணியாற் கீறப்பட்ட எழுத்து, மை பூசப்படாதவழி ஓலையின் நிறத்தோடு ஒன்றிக் கிடக்கும். ஒளியை நேரே பாய்ச்சின் கீறல் மறையும். ஒருபுறத்தே தாழ்த்திச் சாய்த்துப் பாய்ச்சின் கீறலின் நிழலால் எழுத்துப் புலப்படும். நிறம் திரியாமைப் பொருட்டு அளவுகோலும் நிற அட்டையும் உடன்வைத்துப் படமெடுத்தல் வேண்டும். மூலப்படத்தைச் சுருக்காது டிஃப் வடிவிற் காத்து, படிப்பார்க்குச் சிறிய ஜேபெக் படிகளை வழங்குதல் வழக்கு.

இனி, ஒரு கட்டில் பல நூல்கள் கலந்திருத்தலும், இதழ்கள் முறைமாறிக் கிடத்தலும், தலைப்பின்றித் தொடங்குதலும் உண்டு. இவற்றை ஆராய்ந்து நூற்பெயர், இதழெண், எழுத்துவகை, கிடைத்த இடம் என்பனவற்றைக் குறிப்பாக எழுதாவிடின், ஆயிரம் படங்கள் இருந்தும் வேண்டுவது அகப்படாது. கோப்புக்களும் காலத்தாற் சிதைவன. ஆதலின் ஒவ்வொரு கோப்பிற்கும் கணக்கிட்டுப் பெற்ற சரிபார்ப்பெண்ணைக் குறித்துவைத்து, காலந்தோறும் மீண்டும் கணக்கிட்டு ஒப்பிடல் வேண்டும். எண் மாறுபடின் கோப்புப் பழுதுற்றது என்பது பெறப்படும்.

இவையனைத்தினும் அரியது எழுத்துப் பெயர்ப்பு. பழைய தமிழேடுகளில் மெய்க்குப் புள்ளியிடுதல் அரிது. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபாடின்றி எழுதப்பட்டன. காலும் ரகரமும் ஒருவடிவாய் நிற்கும். ‘மெய’ என ஏட்டில் நிற்பது ‘மெய்’ எனவும் ‘மேய’ எனவும் படிக்கப்படும். ‘கொல்’, ‘கோல்’ என்பனவும் அவ்வாறே. இவற்றுள் ஒன்றனைத் துணிவது பொருளறிந்தார் செயல். கருவி அதனை அறியாது. 1987இல் தொடங்கப்பெற்ற டிஇஐ என்னும் உரைக்குறியீட்டு நெறி, ஏட்டின் வடிவினையும் பதிப்பாசிரியர் துணிந்த பாடத்தினையும் தனித்தனியே காட்ட இடந்தருகின்றது. அந்நெறி கல்லாதார் தம் துணிபினையே ஏட்டின் பாடமாக எழுதிவிடுவர். பின்வருவார்க்கு உண்மை காணும் வழி அடைபடும்.

சைவ உலகிற்கு இஃது அயலார் செய்தியன்று. 1955இல் நிறுவப்பெற்ற புதுச்சேரி பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தாரும், அந்நகரின் பிரெஞ்சு தூரகிழக்குப் பள்ளியாரும் தொகுத்த ஏறத்தாழ 11,000 சைவச் சுவடிகளை, யுனெஸ்கோ 2005இல் உலக நினைவகப் பதிவேட்டிற் சேர்த்தது. அவற்றுட் பெரும்பாலன வடமொழியிலமைந்தன. கிரந்த எழுத்தில் எழுதப்பட்டன மிகப் பல. கிரந்தமோ 2014இல்தான் யூனிகோட் எழுத்துத் தொகுதியில் இடம்பெற்றது. கிரந்தமும் ஆகமமும் அறிந்தார் கணினி நெறி அறியார். கணினி நெறி வல்லார் கிரந்தம் அறியார். இவ்விரண்டறிவும் ஒருவர்பாற் கூடாதாயின், படங்கள் பெருகியும் நூல்கள் வெளிப்படா.

அக்கூட்டத்திற்கு வழியாவதே பகுதிநேரக் கல்வி. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் ஓராண்டு முழுநேரக் கல்விக்கு 60 மதிப்பலகு என்பது அளவு. 120 மதிப்பலகுடைய முதுநிலைப் பட்டம் முழுநேரத்தில் ஈராண்டிலும், பாதிநேரத்தில் நான்காண்டிலும் நிறைவுறும். நான்காண்டு நெடிதே, பகலெல்லாம் தொழில் செய்து இரவிற் கற்பார்க்குச் சோர்வும் வரும். ஆயினும் அதன்கண் ஒரு நலனுண்டு. சுவடிநிலையத்திற் பணிபுரிவார் ஒருவர் இன்று கற்றதனை நாளை தம் கையிலுள்ள ஏட்டின்மேல் இட்டுப் பார்ப்பர். ஆண்டுத் தோன்றும் ஐயத்தை மீண்டும் ஆசிரியர்பாற் கொண்டுசெல்வர். கல்வியும் தொழிலும் ஒன்றையொன்று திருத்தும். ஏட்டை விட்டு நீங்கிக் கற்பார்க்கு இந்நலன் எளிதிற் கூடாது.

கண் காண்டற்கு உயிர் உடனின்று காட்டுதல் வேண்டும் என்பதனைச் சிவஞானபோதத்துப் பதினோராஞ் சூத்திரம் உவமையாகக் கொண்டது. படக்கருவியும் அக்கண் போல்வதே. அது பற்றும், அறியாது. உடனின்று அறிவார் உளராயின் ஏட்டின் பொருள் விளங்கும்; இலராயின் கருவி எத்துணைச் சிறந்ததாயினும் பயனின்று. ஆதலின் மடங்களும் சங்கங்களும் கருவி வாங்குதற்கு ஈயும் பொருளில் ஒரு கூற்றினை, ஏடறிந்த இளைஞர் ஓரிருவர் இக்கல்வி பெறுதற்கு ஈதல் முறையாகும். ஓலை உதிர்வதற்கு முன்னரே அவ்வறம் நிகழ்தல் வேண்டும். திருவருள் துணைநிற்க.