இரண்டு துவிச்சக்கர வண்டிகளும் ஓர் இல்லறமும்

திருமணம் முடித்த புதிதில் கணவனும் மனைவியும் பேசிக்கொள்ள ஆயிரம் விடயங்கள் இருக்கும். சில வருடங்கள் சென்றதும் பேச்சு சுருங்கிவிடுகிறது. பால்மா முடிந்துவிட்டது, பிள்ளைக்குச் சப்பாத்து வாங்க வேண்டும், மின்சாரப் பட்டியல் வந்திருக்கிறது என்பதோடு அன்றைய உரையாடல் முடிந்துவிடும். கணவருக்கு அவருடைய நண்பர்கள், மனைவிக்கு அவளுடைய அடுப்படி. ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தாலும் இருவருக்கும் பொதுவான ஒரு சந்தோஷம் இல்லாமல் போய்விடுகிறது.

‘வேலை அதிகம், நேரமில்லை’ என்பதே இதற்குப் பலரும் சொல்லும் காரணம். ஆனால் ஓய்வு ஒழிச்சலின்றி உழைத்த ஒரு தம்பதியினர் இந்தக் காரணத்தைச் சொல்லவில்லை. அவர்கள்தான் இரேடியத்தைக் கண்டுபிடித்த மேரி கியூரியும் அவரது கணவர் பியரி கியூரியும். ஆய்வுகூடத்தில் அவர்கள் செய்த சாதனையைப் பாடப் புத்தகங்களில் படித்திருக்கிறோம். ஆய்வுகூடத்துக்கு வெளியே அவர்கள் வாழ்ந்த வாழ்க்கையும் நாம் அறிய வேண்டிய ஒன்றுதான்.

பரிசுப் பணத்தில் வாங்கியவை

போலந்து நாட்டின் வார்சோ நகரில் 1867இல் பிறந்த மேரி, உயர்கல்விக்காகப் பாரிஸ் வந்தவர். 1895 ஜூலை 26ஆம் திகதி, பாரிஸுக்கு அருகேயுள்ள சோ என்ற ஊரில் பியரியைக் கரம்பற்றினார். மணமகளுக்கென விசேட உடை எதுவும் தைக்கவில்லை. பின்னர் ஆய்வுகூடத்துக்கும் அணிந்து செல்லக்கூடிய ஒரு கருநீல ஆடையையே அவர் விரும்பினார்.

உறவினர் ஒருவர் திருமணப் பரிசாகப் பணம் கொடுத்திருந்தார். அதில் புதுத் தம்பதியினர் வாங்கியது நகையல்ல, தளபாடமுமல்ல, இரண்டு துவிச்சக்கர வண்டிகள்! பியரியின் தந்தை தளபாடங்கள் தர முன்வந்தபோதும் மறுத்துவிட்டார்கள். ஒவ்வொரு நாற்காலியும் தினமும் தூசு தட்ட வேண்டிய ஒரு பொருள் என்பது மேரியின் கணக்கு. அந்த நேரத்தை மிச்சப்படுத்தினால் படிக்கலாம், ஆராயலாம், வெளியே போகலாம் அல்லவா?

பெண்ணுக்குக் கிடைத்த வாகனம்

அக்காலத்தில் துவிச்சக்கர வண்டி ஒரு புதுமை. அதற்கு முன்பிருந்த வண்டியின் முன்சக்கரம் ஆளுயரத்துக்கு இருக்கும். நீண்ட பாவாடை அணிந்த பெண்கள் அதில் ஏறுவதை நினைத்தும் பார்க்க முடியாது. இரு சக்கரங்களும் ஏறக்குறைய ஒரே அளவான, சங்கிலியால் பின்சக்கரம் சுழலும் வண்டி 1885இல் இங்கிலாந்தில் வந்தது. 1888இல் டன்லப் காற்றடைத்த டயரை அறிமுகப்படுத்தினார். அதன் பின்னரே பெண்கள் பெருமளவில் வண்டியோட்டத் தொடங்கினர்.

எனினும் தடைகள் இருந்தன. பாரிஸில் பெண்கள் அனுமதியின்றிக் காற்சட்டை அணியக் கூடாது என்று 1800ஆம் ஆண்டிலேயே ஒரு கட்டளை பிறப்பிக்கப்பட்டிருந்தது. துவிச்சக்கர வண்டியோட்டும் பெண்களுக்கு மட்டும் 1892இல் அது தளர்த்தப்பட்டது. மேரியோ பாவாடையைச் சற்று உயர்த்தித் தைத்து, கனமான சப்பாத்து அணிந்து வண்டியோட்டினார். இருவரும் தத்தமது வண்டியுடன் நிற்கும் புகைப்படம் இன்றும் பிரபலமானது.

காட்டுப் பாதைகளில்

அவர்களது தேனிலவே இந்த வண்டிகளில்தான் கழிந்தது. ஆடம்பர ஹோட்டல் எதுவுமில்லை. பாணும் பாற்கட்டியும் பழங்களுமே பகலுணவு. மாலையானதும் வழியில் கண்ட ஏதாவதொரு கிராமத்துச் சத்திரத்தில் தங்கிவிடுவார்கள். வண்டியை ஓரிடத்தில் நிறுத்திவிட்டுக் காட்டுக்குள் நெடுந்தூரம் நடப்பதும் உண்டு.

பியரி சிறுவயது முதலே காடுகளிலும் ஓடைக் கரைகளிலும் அலைந்து திரிந்தவர். செடிகளையும் நீர்வாழ் உயிரினங்களையும் நன்கறிந்தவர். குளக்கரையில் களைத்துப்போய் அமர்ந்திருந்த மேரியின் கையில் அவர் ஒருமுறை உயிருள்ள தவளையொன்றை வைத்துவிட்டாராம்! மேரி பயந்து கூச்சலிட, பியரிக்கு அது ஏனென்றே விளங்கவில்லை. ‘தவளையைப் பிடிக்காதா உனக்கு?’ என்று வியந்தாராம். பிற்காலத்தில் இவர்களது இளைய மகள் ஈவ் எழுதிய வரலாற்றில் இச்சம்பவம் இடம்பெறுகிறது.

ஓகஸ்ட் நடுப்பகுதியில் ஷந்தீயி நகருக்கருகே ஒரு பண்ணை வீட்டில் தங்கினர். மேரியின் சகோதரிகளும் தந்தையும் அங்கு வந்து சேர்ந்துகொண்டனர். பிரான்ஸில் செப்டெம்பர் பிறந்தால் வெயில் தணியும். பின்னர் இலைகள் மஞ்சளும் செம்மையுமாக மாறி உதிரத் தொடங்கும். குளிர் கடுமையாகுமுன் வரும் அந்த இலையுதிர்கால வாரங்கள் வண்டியோட்டத்துக்கு மிக இதமானவை. அந்தப் பருவம் வந்த பின்னரே, ஒக்டோபரில், இருவரும் பாரிஸில் மூன்று சிறு அறைகள் கொண்ட வீட்டில் குடியேறினர்.

வேலையும் குறையவில்லை

ஊர் சுற்றியதால் மேரியின் வேலை குறைந்துவிட்டதா? இல்லை. சமையலையும் ஒரு பாடமாகவே கற்றார். கவனிப்பாரின்றித் தானாக வேகக்கூடிய உணவுகளை அடுப்பில் ஏற்றி, தீயை அளவாக வைத்துவிட்டு ஆய்வுகூடம் செல்வார். வீட்டுச் செலவைக் கணக்குப் புத்தகத்தில் எழுதினார். ஆசிரியப் பணிக்கான கடினமான பரீட்சைக்கும் அவ்வாண்டே படித்தார். 1896இல் முதலிடம் பெற்றதும், ஓவேர்ன் மலைப்பகுதிக்கு மீண்டும் துவிச்சக்கர வண்டிப் பயணம்!

1897 கோடையில், எட்டு மாதக் கர்ப்பிணியாக இருந்தபோதும் பிரிட்டனிக் கரையோரத்தில் பிரெஸ்ட் நகரை நோக்கிக் கணவருடன் வண்டியோட்டினார். ஆனால் பயணத்தைப் பாதியில் முடித்துக்கொண்டு பாரிஸ் திரும்ப நேர்ந்தது. செப்டெம்பர் 12ஆம் திகதி மூத்த மகள் ஐரீன் பிறந்தாள். இந்த ஒரு விடயத்தில் மட்டும் மேரியை எவரும் பின்பற்ற வேண்டாம். கர்ப்பகாலத்தில் நடப்பது போன்ற மிதமான தேகப்பயிற்சி நல்லதே. ஆனால் கடைசி மாதங்களில் விழுந்துவிடக்கூடிய எதையும் செய்யாதிருப்பதே புத்திசாலித்தனம்.

ஐரீன் பிறந்து சில நாட்களில் பியரியின் தாயார் காலமானார். வைத்தியரான பியரியின் தந்தை மகனுடன் வந்து வசித்து, பேத்தியைப் பேணி வளர்த்தார். மேரியின் வெற்றிக்குப் பின்னால் இந்த மாமனாரின் அன்பும் இருந்தது என்பதை மறக்கலாகாது.

1898இல் பொலோனியத்தையும் இரேடியத்தையும் கண்டறிந்தார்கள். பின்னர் ஒழுகும் கூரையுடைய கொட்டிலொன்றில் தொன் கணக்கான தாதுக் கழிவைக் காய்ச்சி வடித்தனர். களைப்பும் உடல்வலியும் இருவரையும் வாட்டின. கதிர்வீச்சின் தீங்கை அன்று எவரும் சரியாக உணரவில்லை. அந்த வருடங்களிலும் விடுமுறை கிடைத்தால் வண்டிகளை எடுத்துக்கொண்டு கிராமப்புறம் சென்று, காட்டுப் பூக்களோடு வீடு திரும்பினர். 1903இல் நொபெல் பரிசு கிடைத்துப் பத்திரிகையாளர் கூட்டம் வாசலை மொய்த்தபோது, அவர்கள் நிம்மதி தேடியதும் இதே திறந்த வெளிகளில்தான்.

வாடாத பூக்கள்

1906 ஏப்ரல் நடுப்பகுதியில், பாரிஸுக்கு வெளியே செவ்ரஸ் பள்ளத்தாக்கில் குடும்பம் விடுமுறையைக் கழித்தது. பியரி அங்கு பறித்த மஞ்சள் பூக்களோடு பாரிஸ் திரும்பினார். ஏப்ரல் 19ஆம் திகதி, மழை பெய்த ஒரு பிற்பகலில், பாரம் ஏற்றிய குதிரை வண்டியில் மோதுண்டு அவர் உயிரிழந்தார். அந்தப் பூக்கள் அப்போதும் வாடியிருக்கவில்லை.

38 வயதில் மேரி விதவையானார். ஐரீனுக்கு எட்டு வயது. ஈவ் ஒன்றரை வயதுக் குழந்தை. துயரத்தில் ஒடுங்கிப்போன மேரி, பிள்ளைகளை மாத்திரம் வீட்டுக்குள் அடைக்கவில்லை. தோட்டத்தில் ஊஞ்சற்கம்பியும் வளையங்களும் கயிறும் கட்டிக் கொடுத்தார். எவ்வளவு களைப்பாக இருந்தாலும் மகள்மாருடன் துவிச்சக்கர வண்டியில் சென்றார். கடலில் நீந்தவும் துணைநின்றார். 1911இல் இரண்டாவது நொபெல் பரிசும் அவரைத் தேடி வந்தது.

ஐரீன் 1926இல் பிரெடெரிக் ஜோலியோவை மணந்தார். அத்தம்பதியினரும் சேர்ந்து ஆராய்ந்தனர்; சேர்ந்தே மலைகளுக்கும் கடலுக்கும் சென்றனர். 1935இல் அவர்களுக்கும் நொபெல் பரிசு கிடைத்தது. தாய் 1934இலேயே மறைந்துவிட்டதால் அதைக் காணக் கிடைக்கவில்லை.

நாம் செய்யக்கூடியது

பிள்ளைகளுக்குப் பெற்றோர் விட்டுச் செல்வது வீடும் வளவும் மட்டுமல்ல. வாப்பாவும் உம்மாவும் ஒன்றாகச் சிரித்துப் பேசி நடந்த மாலைப்பொழுதுகளும் அவர்களுக்கு ஒரு சொத்துத்தான்.

அதற்குத் துவிச்சக்கர வண்டிதான் வேண்டுமென்றில்லை. கடற்கரையில் அரைமணி நேர நடை, வீட்டுப் பின்புறத்தில் இருவரும் சேர்ந்து போடும் ஒரு மிளகாய்ப் பாத்தி, பாயும் சோற்றுப் பொதியுமாக ஆற்றங்கரையில் ஒரு விடுமுறை நாள் என்று எதுவும் போதும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். வெளியே போன இடத்திலும் மனைவி சமைக்க, கணவர் மட்டும் இளைப்பாறினால் அது அவளுக்கு உலாவாகாது. இடம் மாறிய அடுப்படிதான்.

ஆகவே சகோதரிகளே, இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் மடித்து வைத்துவிடாதீர்கள். வீட்டுக்காரரின் கண்ணில் படும்படி விரித்தே வையுங்கள்.