பில்லில் "பேஸ் கிட்டார் - 1" என்று மட்டும் இருந்தால்

ராஜகீழ்ப்பாக்கத்தில் என் வீட்டுக்கு பேஸ் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் பாதிப்பேர் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். "வாசிக்க முடியல பிரதர், கை வலிக்குது." போன மாதம் வந்தவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. சர்க்கரை நோய் பதினைந்து வருடமாக இருக்கிறது. சர்ச் பாடகர் குழுவில் வாசிக்க ஆசைப்பட்டு 28,000 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார்.

"கொஞ்சம் கும்பிடுங்க" என்றேன். கும்பிட்டார். உள்ளங்கைகள் ஒட்டவில்லை. விரல்களுக்கு நடுவே ஒரு பென்சிலே நுழையும். நீண்ட நாள் சர்க்கரை விரல் மூட்டுகளை இறுக்கிவிடும் என்பது அவருக்கு அன்றுவரை தெரியாது. கடையில், "கை சரியா விரியாது, சின்ன நெக்கா கொடுங்க" என்று தெளிவாகவே கேட்டிருக்கிறார். "இதுதான் சார் சின்னது, ஸ்லிம் நெக்" என்று கொடுத்திருக்கிறார்கள். டேப்பை வைத்து அளந்தேன். நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை 34 அங்குலம், முழு நீளம். பில்லைப் பார்த்தேன். "பேஸ் கிட்டார் - 1" என்று மட்டும் இருந்தது.

மெல்லிய நெக் வேறு, குட்டை நெக் வேறு. விற்கிறவர்களிலேயே பலர் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறார்கள். விரல் விரியாதவர் முதலில் பார்க்க வேண்டியது ஸ்கேல் லெங்த், அதாவது நட்டிலிருந்து பிரிட்ஜ் வரையுள்ள நீளம். 34 அங்குல பேஸில் முதல் ஃப்ரெட்டிலிருந்து நான்காவது ஃப்ரெட்டுக்கு சுமார் 13 சென்டிமீட்டர். 30 அங்குல பேஸில் அதே தூரம் பதினொன்றரைக்கும் கீழே. இந்த ஒன்றரை சென்டிமீட்டர்தான் சுண்டுவிரல் எட்டுவதையும் எட்டாததையும் முடிவு செய்கிறது. பால் மெக்கார்ட்னி வாசித்த வயலின் வடிவ ஹாஃப்னரும் ஃபெண்டர் மஸ்டாங் பேஸும் 30 அங்குலம்தான். ஐபனேஸ் மைக்ரோ 28.6 அங்குலம். குட்டை பேஸ் சிறுவர்களுக்கானது என்று கடையில் சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

கடையில் குட்டை பேஸ் இல்லையென்றாலும் சோதிக்க ஒரு வழி உண்டு. 34 அங்குல பேஸிலேயே மூன்றாவது ஃப்ரெட்டை முதல் ஃப்ரெட்டாக நினைத்து வாசித்துப் பாருங்கள். அங்கே விரல்களுக்கு வேண்டிய இடைவெளி, ஏறத்தாழ 30 அங்குல பேஸின் ஆரம்ப ஃப்ரெட்டுகளில் இருப்பதேதான். அங்கே கை நிம்மதியாக உட்கார்ந்தால் குட்டை பேஸ் உங்களுக்கு உதவும்.

அடுத்தது நட் அகலம். ஃபெண்டர் ஜாஸ் பேஸில் சுமார் 38 மில்லிமீட்டர். பழைய ப்ரிசிஷன் பேஸ் பலவற்றில் 44. விரல் மடங்காதவருக்கு 38 நல்லது. கட்டைவிரல் அடிமூட்டில் வலி உள்ளவர்கள் மட்டும் அவசரப்பட வேண்டாம். ரொம்ப மெல்லிய நெக்கைக் கிள்ளிப் பிடிக்கும்போது வலி கூடலாம், கொஞ்சம் பருத்த நெக் சிலருக்கு இதமாக இருக்கும். இருபது நிமிடமாவது வாசித்துப் பார்க்காமல் இதைச் சொல்ல முடியாது. பெல்ட்டை மாட்டி இரண்டு கையையும் விட்டுப் பாருங்கள். தலைப்பகுதி தரையை நோக்கிச் சாய்ந்தால் அந்தப் பாரத்தை நாள் முழுக்க உங்கள் இடது கைதான் சுமக்கும். அந்தப் பேஸ் வேண்டாம். கம்பி உயரமாக இருந்தால் செட்டப் செய்து இறக்கலாம், கம்பியையும் மெல்லியதாக மாற்றலாம். இதற்காகப் புது கிட்டார் வாங்க வேண்டியதில்லை.

வலியைச் சகித்துப் பழகினால் சரியாகிவிடும் என்று சொல்லும் மாஸ்டர்களை நம்பாதீர்கள். விரல் மடங்கிச் சிக்கிக்கொண்டாலோ, ராத்திரியில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்தாலோ, மருத்துவரிடம் போக வேண்டும். கைக்கென்றே ஒரு அரசுப் பிரிவு சென்னையில் இருக்கிறது. ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசாமி 1971இல் தொடங்கிய கை அறுவைச் சிகிச்சைப் பிரிவு அது. தாம்பரத்தில் பீச் ரயில் ஏறினால் வடசென்னைக்குப் போய்விடலாம். இதைத் தெரியாமல் தைலம் தேய்த்தே வருடங்களை ஓட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது பில்லுக்கு வருகிறேன். "என் கைக்குச் சரியில்லை" என்பது சட்டப்படி பொருளின் குறைபாடு ஆகாது. "30 அங்குலம் என்று சொல்லி 34 கொடுத்தார்கள்" என்பது குறைபாடு. இரண்டுக்கும் நடுவே இருப்பது பில்லில் ஒரு வரி. அதனால் பணம் கொடுக்கும் முன் ஸ்கேல் லெங்த், நட் அகலம், மாடல் பெயர் மூன்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள். எழுத மாட்டோம் என்றால் அந்தக் கடையில் வாங்காதீர்கள். ஆன்லைனில் வாங்கினால் அளவுகள் உள்ள பக்கத்தை அன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிறகு அந்தப் பக்கம் மாறிவிடலாம்.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற போர்டைப் பார்த்துத் தலையைத் தொங்கப்போட்டுத் திரும்புகிறவர்களை நினைத்தால் ஆற்றாமையாக இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 2(47)இன்படி பில் தராமல் விற்பதே நேர்மையற்ற வணிக முறை. குறைபாடுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லவில்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. ஆன்லைன் நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும்.

முதலில் கடைக்கு எழுத்தில் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள். வாயால் சண்டை போட்டதற்குச் சாட்சி கிடையாது. 15 நாள் பாருங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் எண் வாங்குங்கள். அதிலும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். இங்கேதான் நம் பகுதிக்காரர்கள் தவறுகிறார்கள். முகவரியில் சென்னை 600073 என்று இருக்கிறதே என்று சென்னைக்கு அலைகிறார்கள். ராஜகீழ்ப்பாக்கம் தாம்பரம் மாநகராட்சியில், செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்தை வைத்துச் செங்கல்பட்டு ஆணையத்தில் வழக்குப் போடலாம், சட்டம் அனுமதிக்கிறது. இ-ஜாக்ரிதி இணையதளத்திலும் தாக்கல் செய்யலாம். பில், கடைக்கு எழுதிய கடிதம், ஒப்புகை, டேப் வைத்து அளவு தெரிய எடுத்த படம், உறுதிமொழிப் பத்திரம் போதும். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. மாற்றுத்திறனாளி அட்டையும் இதற்குத் தேவையில்லை. அது இல்லாமல் புகார் கொடுக்க முடியாது என்று யாராவது திருப்பி அனுப்பினால், எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

மறுபடியும் சொல்கிறேன், அளவு பில்லில் இருக்க வேண்டும். என்னிடம் வந்தவரின் கிட்டாரில் கம்பியை இறக்கி மெல்லிய செட் மாட்டிக் கொடுத்தேன். மூன்றாவது ஃப்ரெட்டுக்கு மேலே மட்டும் வாசிக்கிறார். புகார் கொடுக்க அவரிடம் அளவு எழுதிய காகிதம் எதுவும் இல்லை. உங்களிடம் இருந்தால் இன்றைக்கே எடுத்துத் தேதியைப் பாருங்கள். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் ஆணையத்துக்குப் போய்விட வேண்டும்.