சென்னை டூ கோவை: காரா, விமானமா? எத்தனை பேர் என்பதில்தான் இருக்கு கணக்கு!

லீவு வந்தாலே பல வீடுகளில் இந்தப் பேச்சு வந்துவிடும். "பெட்ரோல், டோல்கேட் எல்லாம் சேர்த்தா ஃப்ளைட்டே பரவாயில்ல போல" என்பார் ஒருவர். உண்மையா? சென்னை - கோவை பயணத்தையே எடுத்துக்கொள்வோம்.

காரில் போனால்?

விழுப்புரம், சேலம் வழியாக ஏறத்தாழ 500 கி.மீ. போய் வர 1,000 கி.மீ. லிட்டருக்கு 15 கி.மீ. கொடுக்கும் காருக்கு சுமார் 67 லிட்டர் பெட்ரோல் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 6,700 ரூபாய். டோலுக்கு 1,300 ரூபாய் ஒதுக்கினால் மொத்தம் 8,000.

பலரும் இங்கேயே கணக்கை முடித்துவிடுகிறார்கள். டயர் தேய்மானம், ஆயில், சர்வீஸ் எல்லாம் யார் கணக்கு? கி.மீ.க்கு 2 ரூபாய் வைத்தாலே இன்னும் 2,000. ஆக 10,000 ரூபாய். இ.எம்.ஐ., இன்சூரன்ஸை மட்டும் சேர்க்க வேண்டாம். கார் வீட்டிலேயே நின்றாலும் அதைக் கட்டித்தான் ஆகணும்.

தேசிய நெடுஞ்சாலையில் அடிக்கடி போகிறவர்களுக்கு ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் லாபம். 2025 ஆகஸ்ட் 15-ல் 3,000 ரூபாய்க்கு அறிமுகமான இந்த பாஸில் ஓராண்டு அல்லது 200 பயணம், எது முதலில் முடிகிறதோ அதுவரை போகலாம். ஒரு டோல்கேட்டைக் கடந்தால் ஒரு பயணம். மாநில நெடுஞ்சாலை டோல்களில் இது செல்லாது.

விமானத்தில்?

ஒரு வழி டிக்கெட் 4,000 ரூபாய் என்றால் போய் வர 8,000. வீட்டிலிருந்து மீனம்பாக்கம், பீளமேட்டிலிருந்து ஊருக்குள் என நாலு முறை டாக்ஸி பிடிக்கணும். தலா 600 ரூபாய் என்றால் 2,400. மொத்தம் 10,400.

அதாவது தனி ஆளுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒரே செலவு! காரில் 8, 9 மணி நேரம் ஆகும். விமானத்தில் முன்கூட்டியே போய்க் காத்திருப்பதையும் சேர்த்து ஐந்து மணி நேரத்துக்குள் போய்விடலாம். ராத்திரியில் தனியாக ஓட்டும் ஆபத்தும் இல்லை. ஆக்டிங் டிரைவர் வைத்தால் சம்பளம், பேட்டா என கார் செலவு இன்னும் ஏறும்.

நாலு பேர் என்றால் கதையே வேற. விமானத்துக்கு 34,400 ரூபாய், காருக்கு அதே 10,000. இரண்டு வயது நிறைந்த குழந்தைக்கும் தனி சீட் எடுக்கணும் என்பதை மறக்க வேண்டாம்.

டிக்கெட் போடும்போது...

குறைந்த விலையில் இரண்டு சீட்தான் மிச்சம் என்றால், நாலு பேருக்கு ஒன்றாகத் தேடும்போது நாலுக்கும் அதிக விலையே காட்டலாம். தனித்தனியாகவும் தேடிப் பாருங்க.

முன்கூட்டியே புக் செய்து 2,500 ரூபாய்க்கு டிக்கெட் கிடைத்தால்? இரண்டு பேருக்கு டாக்ஸியோடு 12,400. காரைவிட 2,400தான் அதிகம், போக வர ஏழெட்டு மணி நேரம் மிச்சம். மூணாவது ஆள் சேர்ந்தால் அதுவே 17,400 ஆகிவிடும்.